காலியாக விட்ட ஏழு இடம்

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுங்களா, ஃபேன் காத்து இங்கதான் நல்லா வருது. திருமழிசையில ஒரு மிஷின் விழுந்து எழுந்த கதை சொல்றேன்.

மாத்திரை அட்டையைக் கேமராவில் பார்த்து, மாத்திரை இல்லாத குழியைக் கண்டுபிடிக்கிற மிஷின் அது. அதற்குப் புரோகிராம் எழுதியவள் கோவில்பதாகை எவாஞ்சலின். படத்தின் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் பெல்ட் வேகத்துக்கு ஈடுகொடுக்காது என்று, எட்டெட்டாக அள்ளிப் பார்க்கும்படி எழுதியிருந்தாள். மிஷின் பறந்துகொண்டிருந்தது.

வாங்குகிறவர்கள் பார்க்க வரும் நாளன்று காலையில், சுவிட்சைப் போட்டதும் நின்றுவிட்டது.

"இன்னா எவா, உன் புள்ள படுத்துகினானா?" என்றான் ஃபிட்டர் சரண்.

"வாய மூடுடா. நேத்து படத்துக்குப் படம் நம்பர் வேணும்னு கேட்டது நீதான?"

"ஒரு நம்பர் போட்டா மிஷின் செத்துடுமா? நல்லா கீதே!"

முதலாளி தங்கராஜ் எட்டிப் பார்த்தார். "ஒவ்வொரு புள்ளியா பாக்குற பழைய புரோகிராமையே போட்ரும்மா."

"பெல்ட்ட பாதி வேகத்துல ஓட்டணும் சார்."

"அப்ப ஆர்டர் போச்சு" என்றவரின் குரல் இறங்கிவிட்டது.

சரண் கிண்டலாகச் சொன்னதுதான் எவாஞ்சலின் காதில் சுற்றிக்கொண்டிருந்தது. நேற்று மாறியது அந்த நம்பர் ஒன்றுதானே? படம் நினைவகத்தில் எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று திரையில் வரவழைத்துப் பார்த்தாள். பூஜ்யத்தில் முடியவேண்டிய முகவரி நாலில் முடிந்திருந்தது.

அப்பாடா!

விஷயம் இதுதான். நினைவகத்தைத் தட்டுக்கு எட்டு இடமாகத் தடுத்த அலமாரி என்று வையுங்கள். மிஷினின் கை ஒரு தட்டை முழுசாக அள்ளும். தடுப்பைத் தாண்டி அள்ளச் சொன்னால் அப்படியே நின்றுவிடும். இவளோ இடத்தை வீணாக்க மனசில்லாமல், நம்பரை முதல் இடத்தில் வைத்து, படத்தை அதோடு ஒட்டி அடுக்கியிருந்தாள். எல்லாப் புள்ளியும் ஓரிடம், முகவரிக் கணக்கில் நாலு, தள்ளிப் போயிருந்தது.

நம்பரை ஒரு தட்டில் தனியாக விட்டு, மீதி ஏழு இடத்தைக் காலியாக வைத்து, அடுத்த தட்டில் படத்தை ஆரம்பித்தாள். தனக்குத் தரும் இடமே ஒரு தட்டின் விளிம்பில் தொடங்கட்டும் என்றும் கம்ப்யூட்டரிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வாசலில் கார் வந்து நின்றது. அவள் சுவிட்சைப் போட்டாள். பெல்ட் முழு வேகத்தில் ஓடியது. வந்தவர்களில் ஒருவர் குழி காலியான அட்டை ஒன்றைத் தானே பெல்ட்டில் நுழைத்துப் பார்த்தார். மிஷின் அதைத் தட்டி வெளியே தள்ளியது.

"எந்திரிச்சிட்டான் எவா!" என்று சரண் கத்தினான். தங்கராஜ் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் டீ சொல்லச் சொன்னார். எவாஞ்சலினுக்கு அப்போதுதான் பசித்தது.

உங்க ஊட்டுலயும் எல்லாம் தடங்கலில்லாம ஓடட்டும் கண்ணுங்களா. வர்றவங்க உட்கார நாலு இடம் எப்பவும் காலியா இருக்கட்டும்.