நடுங்காத கோடு

1

இந்தக் கதை ஒரு பெயிண்ட் கோட்டிலிருந்து வந்தது. மேலே வெள்ளை, கீழே நீலம், நடுவே, சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும் அண்ணன் தம்பி இருவரில் தம்பி இழுத்த கோடு. எழுத்து எனக்குப் பிந்திக் கிடைத்தது. அதனால் வரிகளை அடித்து அடித்துத்தான் எழுத வருகிறது.

தம்பிக்கு மறுபடியும் பைத்தி— வேண்டாம், இது தெருவின் பேச்சு.

மனச்சிதைவுக்கு நெடுநாள் சிகிச்சை பெறும் ஒருவர்— இது ஆஸ்பத்திரியின் பேச்சு.

அன்று தம்பியின் கை நடுங்கவில்லை.

இது அண்ணன் கண்ணில் பட்டது. இதையே பிடித்துக்கொண்டு போவோம்.

2

மாத்திரை தம்பியின் தலைக்குள் இருந்த இரைச்சலை அடக்கியது. கைக்கு நடுக்கத்தைக் கொடுத்தது. அதனால் அவனுக்கு எப்போதும் ரோலர்தான். இரண்டு நிறமும் சேரும் இடத்தில் இழுக்கும் ஓரக்கோடு அண்ணன் வேலை. அன்று அண்ணன் டப்பாவைக் கலக்கிக்கொண்டு வருவதற்குள், தம்பி சாரத்தில் ஏறிக் கோட்டை முடித்திருந்தான்.

"என்னடா, ஸ்கேல முழுங்கிட்டு வந்தியா?" என்றார் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் தம்பியின் கையையே பார்த்தான்.

(முதலில் ஒரு நொடி அண்ணனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை நான் அடிக்கவில்லை.)

போன தடவையும் இப்படித்தான். மாத்திரையை நிறுத்தினான், கை நடுக்கம் நின்றது. பிறகு தூக்கம் போயிற்று. பிறகு சுவருக்குள் ஆட்கள் பேசினார்கள். கடைசியில், சோற்றில் விஷம் வைப்பது அண்ணன்தான் என்று அவன் வீட்டை விட்டே ஓடினான்.

3

மேஸ்திரி நகர்ந்ததும் அண்ணன் கீழிருந்து கேட்டான்.

"மாத்திரை போடுறியா இல்லையா?"

"கோடு நேரா வந்தா உனக்குப் பொறுக்கலையாண்ணே?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுடா."

"கை என் கை மாதிரி இருக்குண்ணே. எத்தனை வருஷமாச்சு! கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகட்டுமே."

அண்ணன் டப்பாவைக் கீழே வைத்தான்.

"நடுக்கத்தை டாக்டர்கிட்ட சொல்லுவோம். வேற மருந்து கேப்போம். இன்னைக்கே போலாம், இறங்கு."

"மெதுவா பேசு." தம்பி ஈரச் சுவரில் காதை வைத்தான். "உள்ள கேக்குது."

4

ஒரு முடிவில் அண்ணன் அவன் சட்டையைப் பிடித்து— இல்லை. இழுத்தால் சட்டைதான் கையோடு வரும்.

இன்னொன்றில் தம்பி தானே இறங்கி, சமர்த்தாக— எனக்கே நம்பிக்கை இல்லை.

அண்ணன் சாரத்தில் ஏறினான். இது மட்டும் உறுதி. தம்பியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"என்னடா சொல்றாங்க?"

"உன்ன நம்பாதேன்னு சொல்றாங்கண்ணே." தம்பியின் கன்னத்தில் நீலம் ஒட்டியிருந்தது.

"சரி. நீ என்ன சொல்றே?"

அண்ணன் கையை நீட்டினான். தம்பி அந்தக் கையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், மறுபடி கையை—

இதற்குமேல் நேராக ஒரு வரி இழுத்துவிடலாம். நான் இழுக்கமாட்டேன். பென்சிலை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அண்ணன் கை இன்னும் நீட்டியபடியே இருக்கிறது; அது நடுங்குகிறது.