அக்குளில் ஒரு பிளாஸ்க்

"அந்த பிளாஸ்க்கைக் கீழ வைங்க தாத்தா" என்றான் நர்ஸ் வில்மர். அதோடு எங்கள் காரியம் கெட்டது.

என் புருஷன் அனிபாலுக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருந்தது. நெஞ்சைத் திறந்து மாற்றாவிட்டால் அடுத்த குளிர்காலத்தைப் பார்க்கமாட்டார். ஆனால் வயது எண்பதுக்கு மேல். உடம்பு தாங்கும் என்று தெரிந்தால்தான் கத்தியைத் தொடுவேன் என்றுவிட்டார் டாக்டர் பெரெய்ரா. தரையில் இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோடுவரை நடந்து காட்ட வேண்டும். தள்ளாடினால் ஆபரேஷன் கிடையாது. இதற்காக வீட்டில் அவரை நடக்கவிட்டு, பின்னாலேயே தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன் நான். ஜோராகத்தான் நடந்தார். என்ன, இடது அக்குளில் பிளாஸ்க்கோடு. எங்கள் மொந்தெவிதேயோ ஊரில் எந்த ஆம்பளை அது இல்லாமல் நடக்கிறான்? அக்குளில் வெந்நீர், கையில் மாத்தே இலை போட்ட குடுவை; டீ மாதிரி ஊற்றி ஊற்றி உறிஞ்சிக்கொண்டே போவார்கள். கடற்கரையில், பஸ்ஸில், சாவு வீட்டில், எங்கும் அப்படித்தான். கல்யாணத்தன்று சர்ச்சுக்கே அதைக் கொண்டுவந்த மனுஷன் இவர்.

வில்மர் பிளாஸ்க்கை வாங்கி வைத்தான். அனிபால் நடந்தார். அது நடையா? இடது கை போக்கிடம் தெரியாமல் தொங்கியது. உடம்பு வலப்பக்கம் சாய்ந்தது. பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் பேனாவை மூடிவிட்டார்.

"டாக்டரம்மா, அதை அவருகிட்டக் குடுக்கச் சொல்லுங்க!"

"கையில எதுவும் இருக்கக் கூடாதும்மா."

"கையில எங்க இருக்கு? அக்குள்லதானே இருக்கு! காலைக் கழட்டி வெச்சுட்டு நடக்கச் சொல்வீங்களா?"

டாக்டர் மேஜையிலேயே ஒரு மாத்தே குடுவை இருந்தது. அதை ஒருமுறை பார்த்துவிட்டு வில்மருக்குத் தலையசைத்தார். பிளாஸ்க் அக்குளில் அழுந்தியதுதான் தாமதம், கிழவர் நிமிர்ந்தார், கோட்டைத் தாண்டினார், அப்படியே வாசலுக்கும் போய்விட்டார். வில்மர் ஓடிப்போய்க் கூட்டிவந்தான்.

"சரி, செஞ்சுடலாம்" என்றார் டாக்டர். "ஆனா நெஞ்செலும்பு ஒட்டுற வரைக்கும் இதைத் தூக்கக் கூடாது."

"அப்ப ஆபரேஷனே வேணாம்" என்றார் அனிபால்.

"வாயை மூடு கிழவா. நான் தூக்கறேன்."

"நீயா? தண்ணியக் கொதிக்க விட்டு இலையைக் கருக்கிடுவே கிழவி!"

இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட என்னை ஊற்ற விட்டதில்லை, பாவி மனுஷன்.

ஆபரேஷன் அன்று பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. ஆனாலும் வெந்நீர் போட்டு நிரப்பி, அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தியேட்டர் வாசலில், ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி அதை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"பயமா இருக்கு கிழவி" என்றார். அந்த வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. "நான் வர்ற வரைக்கும் திறக்காதே. சூடு போயிடும்."

கதவு மூடியது. என்னால் உட்கார முடியவில்லை. பிளாஸ்க்கை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். உண்மையைச் சொன்னால், அது இருந்ததால்தான் கால் நின்றது. மதியம் தாண்டியும் கதவு திறக்கவில்லை.

"ஒரு வாய் குடிங்க பாட்டி, தெம்பா இருக்கும்" என்று வில்மர் மூடிக்குக் கை நீட்டினான்.

"தொட்டே, தெரியும் சேதி!" என்றேன். மூடியை இன்னும் ஒரு திருகு இறுக்கிவிட்டு மறுபடியும் நடந்தேன்.