பழம் நறுக்காத கத்தி

அம்மாவை இடப்பக்கமாகப் புரட்டி, முதுகில் ஈரத்துணியை ஓட்டிக்கொண்டிருந்தாள் மகள். ஒரு கையால் தோளைத் தாங்க வேண்டும், மறு கையால் துடைக்க வேண்டும். தாங்குகிற அளவுக்கு அங்கே கனம் ஒன்றும் மிச்சமில்லை. ஜன்னலோரம் ‘டக்’ என்றது. சற்றுப் பொறுத்து மறுபடி ‘டக்’.

“உங்கப்பன் இன்னும் உயிரோடதான் இருக்காரு போல,” என்றாள் அம்மா, சுவரைப் பார்த்தபடி.

“பேசாதம்மா. மூச்சு வாங்குது.”

“வாங்கட்டும். வாங்கறதையெல்லாம் இன்னைக்கே வாங்கிக்கறேன். நாளைக்குக் கடை இருக்காது.”

சொல்லிவிட்டுத் தன் பேச்சைத் தானே ரசித்து மூக்கால் சிரித்தாள். டாக்டர் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு உடம்பில் எல்லாம் ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டு வந்தது. நாக்கு மட்டும் பணியிலிருந்து ஓய்வு பெறவில்லை.

ஜன்னலோர நாற்காலியில் அப்பா மடக்குக் கத்தியோடு உட்கார்ந்திருந்தார். கட்டைவிரலால் ஒரு தள்ளு, அலகு வெளியே வந்து ‘டக்’ என்று நிற்கும். ஒரு அழுத்து, மடங்கிக் கைப்பிடிக்குள் படுத்துக்கொள்ளும். லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் மேடையில் அவருக்கு வேலை. ஒரு லாரி இறங்கி அடுத்த லாரி ஏறும்வரை கத்தியைத் திறந்து மூடிக்கொண்டிருப்பார். லாரிக்காரர்கள் அவருக்கு ‘டக்கு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

கத்தி ஒன்றும் சீமைச் சரக்கு இல்லை. ஹார்டுவேர் கடையில் கண்ணாடி ஜாடிக்குள் சாவிக்கொத்துகளோடும் நகவெட்டிகளோடும் கிடந்தது. ரப்பர் செருப்பைவிடக் கொஞ்சம் மலிவு. வாங்கினது ஒரு நாள் வேலை. அதைச் செய்துகொண்டேயிருந்தது ஆயுள் வேலை. முதலில் பிளாஸ்டிக் பிடியைக் கழற்றி எறிந்தார். பிறகு நல்ல மரம் தேடி வீடெல்லாம் அலைந்து, கடைசியில் அம்மா உட்கார்ந்து காய் நறுக்கும் முக்காலியின் ஒரு காலை அறுத்தார். “வைரம் பாஞ்ச மரம், இதுல உக்காந்து வீணாக்கறா,” என்றார். அதற்கப்புறம் அம்மா அந்த முக்காலிக்கு ஒரு செங்கலை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தாள். மகளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது முக்காலே மூணுவீசம் முக்காலி.

மரப்பிடியில் செப்புக் கம்பியை இழைத்துப் பதித்தார். திறக்கும்போது கரகரவென்ற சத்தம் வராதிருக்க, பித்தளைத் தகட்டை வட்டமாக வெட்டி உள்ளே வைத்தார். தையல் மெஷின் எண்ணெய் ஊற்றினார். அலகை உப்புத்தாளால் தேய்த்து, அதைவிட மெல்லிய தாளால் தேய்த்து, கடைசியில் பற்பசையால் தேய்த்து, முகம் பார்க்கிற மாதிரி ஆக்கினார். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஒரு செய்தித்தாளை அந்தரத்தில் பிடித்துச் சத்தமில்லாமல் கிழித்துக் காட்டுவார். ஆள் கிடைக்காத நாளில் தன் இடது முழங்கை மயிரையே மழித்துப் பார்ப்பார். அந்தக் கை மட்டும் குழந்தையின் கைபோல மொழுமொழுவென்று இருக்கும். தாளும் மயிரும் தவிர அந்தக் கத்தி வேறெதையும் வெட்டியதில்லை.

அம்மாவோ பள்ளிக்கூட விடுதியில் காய் நறுக்குகிறவள். வீட்டிலும் அவளுக்கு அதே பிழைப்புதான். சமையலறைக் கத்தியின் பிடி ஆடும். துணியைச் சுற்றி வைத்திருந்தாள். “இதையும் கொஞ்சம் தீட்டிக் குடுங்களேன்,” என்று கேட்டுக் கேட்டு அலுத்துப் போனாள். “அது மட்டமான இரும்பு, தீட்டினா நிக்காது,” என்பார் அப்பா. “என்னைக் கட்டிக் குடுக்கும்போதும் அப்படித்தான் சொன்னாங்க. நின்னேனே,” என்பாள்.

மகள் அம்மாவை மல்லாத்தி, தலையணையைச் சரிசெய்தாள். அம்மாவின் பார்வை மேலே எதையோ தொடர்ந்து போயிற்று. கத்தி அலகில் பட்ட வெயில் கூரையில் ஒரு வெளிச்சப் பொட்டாக விழுந்திருந்தது. அப்பா கத்தியைத் திருப்பும்போதெல்லாம் அது மீன்போல நழுவி, சுவரில் இறங்கி, அலமாரிமேல் ஏறி, திரும்பக் கூரைக்குப் போயிற்று. அம்மா கண்ணாலேயே அதைத் துரத்தினாள். சின்னப் பெண்ணாக இருந்தால் கையால் பிடிக்கப் பார்த்திருப்பாள் என்று மகளுக்குத் தோன்றியது.

“நர்ஸம்மா கொண்டுவந்த ஆப்பிள் இருக்கா?”

“உன்னால முழுங்க முடியாதேம்மா.”

“நாக்குல வச்சுக்கறேன். ஒரே ஒரு துண்டு.” குரலைத் தாழ்த்தினாள். “அந்தக் கத்தியால.”

மகள் ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

“நறுக்க மாட்டாரு. பந்தயம் கட்டறியா?”

“நறுக்குவாரும்மா. இன்னைக்குக் கூடவா…”

“உனக்கு மனுஷங்களைத் தெரியாது. ஸ்கூல் வேன் ஓட்டுறவளுக்கு முன்னாடி இருக்கறது ரோடு மட்டும்தான்.”

மகள் தட்டில் ஆப்பிளை வைத்துக்கொண்டு போய் அப்பாவின் முன்னால் நின்றாள். அம்மா தோற்க வேண்டும், இந்த ஒரு பந்தயத்திலாவது அவள் தோற்றுவிட வேண்டும் என்று அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

“அப்பா, அம்மா ஒரு துண்டு கேக்கறா. உங்க கத்தியால நறுக்கித் தாங்க.”

அப்பா நிமிர்ந்தார். ஆப்பிளைப் பார்த்தார். கத்தியைப் பார்த்தார். ‘டக்’ என்று மூடினார்.

“இது அதுக்கில்லம்மா.”

“பின்ன எதுக்குங்க?” என்றது கட்டில்.

“உனக்குச் சொன்னாப் புரியாது. பழத்துல புளிப்பு இருக்கு. பட்ட இடம் கறுத்துடும். அப்புறம் ஆதியிலேருந்து தேய்க்கணும்.”

“தேய்ங்களேன். நான் போனப்புறம் வேற என்ன ஜோலி உங்களுக்கு?”

“அப்பா,” என்றாள் மகள். “ஒரு துண்டுதான்.”

அப்பா கத்தியை உள்ளங்கையில் புரட்டினார். கட்டைவிரல் அலகின் ஓரத்துக்குப் போயிற்று. போய் அங்கேயே நின்றது. மகள் தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள். கூரையில் பொட்டு இல்லை.

“இப்பத்தான் எண்ணெய் போட்டேன்,” என்றார் அப்பா, காரணம் ஒன்று கிடைத்துவிட்ட நிம்மதியோடு. “எண்ணெய் வாடை அடிக்கும். அவ வயித்துக்கு ஆகாது.”

அம்மா சிரித்தாள். வயிறே இல்லை என்று டாக்டர் ஸ்கேன் படம் காட்டிச் சொன்னது மூன்று பேருக்கும் தெரியும். சிரிப்பு இருமலாகி, இருமல் அவளை வில்லாக வளைத்தது. “ஆகாதாம்… வயித்துக்கு… ஆகாதாம்…” மகள் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். அதற்குள் அப்பா பதறி எழுந்து, உதவி செய்கிறவராகச் சமையலறைக்குப் போய், துணி சுற்றிய கத்தியைக் கொண்டுவந்தார். அது தோலில் வழுக்கியது. அமுக்கினார், ஆப்பிள் உருண்டது. கடைசியில் எலி கடித்த மாதிரி ஒரு துண்டு வந்தது.

“இந்தா. கேட்டியே.”

அம்மா அந்தத் துண்டைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். ஜெயித்தவளின் முகம். பிறகு உதட்டை மூடிக்கொண்டாள். அதற்கப்புறம் யாருக்காகவும் அதைத் திறக்கவில்லை. வெயில் சாய்வதற்குள் மூச்சு நின்றுபோயிற்று. தட்டில் ஆப்பிள் துண்டு பழுப்பேறியிருந்தது. மகள் அதைக் குப்பையில் போடவும் மனமில்லாமல், வைத்திருக்கவும் மனமில்லாமல், தானே வாயில் போட்டு மென்றாள்.

மாமா வந்தார். அம்மாவின் தம்பி, குழாய் வேலை செய்கிறவர், வேலை உடுப்போடு அப்படியே வந்திருந்தார். பக்கத்து வீட்டு நர்ஸம்மா வந்தாள். எடைமேடையில் அப்பாவோடு வேலை பார்க்கிற ஒரு தடித்த மனிதரும் இரண்டு லாரி டிரைவர்களும் வந்து, முன்னறையில் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்கள். இருட்டுவதற்குள் எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று.

அம்மா தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய பச்சை உடுப்பை மகள் எடுத்து வைத்திருந்தாள். நர்ஸம்மா கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“விறைச்சுப் போச்சு. தலைவழியா மாட்ட முடியாது. பின்பக்கம் மேலேருந்து கீழ வெட்டிட்டு, முன்னாலேருந்து போட்டு ஓரத்த அடியில சொருகிடலாம். பாக்கறவங்களுக்குத் தெரியாது. கத்தரிக்கோல் எடு.”

கத்தரிக்கோல் இருக்கிற இடம் அம்மாவுக்குத்தான் தெரியும். கூப்பிட்டுக் கேட்கலாம் என்று ஒரு கணம் மகள் வாயைத் திறந்துவிட்டாள். மாமா சமையலறைக் கத்தியைக் கொண்டுவந்து துணியில் போட்டு இழுத்தார். அது நூலைக் கடித்ததே தவிர வெட்டவில்லை.

“என்னடி இது, கத்தியா கரண்டியா?” என்று அங்கலாய்த்தார். பிறகு திரும்பி, “மச்சான், உங்ககிட்ட ஒண்ணு இருக்குமே?”

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். மகளும் பார்த்தாள். இல்லை என்று சொல்லிவிட்டால் போதும், அதுபோதும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். செத்தவளுக்கும் இல்லை என்றால் அதில் ஒரு நேர்மையாவது இருக்கும்.

“குடுக்க மாட்டேன். நானே பண்றேன்,” என்றார் அப்பா. “உனக்குத் திறக்கத் தெரியாது. ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிங்க.”

மாமா ஒரு முனையைப் பிடித்தார். நர்ஸம்மா அம்மாவைத் தாங்கிக்கொண்டிருந்தாள், மறுமுனையைப் பிடிக்க மகளைத் தவிர ஆள் இல்லை. பிடித்தாள். ‘டக்’. அப்பா கழுத்துப் பட்டியில் அலகை வைத்தார், அழுத்தவே இல்லை, நடந்து போவது போலக் கையைக் கொண்டுபோனார். துணி தானாகப் பிரிந்தது. சத்தமே இல்லை. துணியின் இழுப்பு சட்டென்று விட்டுப்போக, மகள் ஒரு அடி பின்வாங்கி நின்றாள். கையில் பிரிந்த துணியின் ஓரம்.

“அடேங்கப்பா!” என்றார் மாமா, அக்கா செத்த வீட்டில் நிற்பதையே மறந்து. “வெண்ணெயில எறங்கின மாதிரில்ல எறங்குது! எங்க மச்சான் வாங்கினீங்க?”

“வாங்கினதா? வாங்கினது வெறும் தகரம். நான் செஞ்சது இது.”

அவ்வளவுதான், மடை திறந்தது. அப்பா முன்னறைக்குப் போனார். தடித்தவரும் டிரைவர்களும் சுற்றி நின்றார்கள். கைகளுக்கு ஒரு வேலை கிடைத்ததில் அவர்களுக்கும் ஆறுதல். கத்தி ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குப் போயிற்று. மரத்தைப் பற்றிச் சொன்னார். செப்புக் கம்பியைப் பற்றிச் சொன்னார். பித்தளைத் தகட்டைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. “அண்ணே, இதெல்லாம் நீங்களே பண்ணினதா? சும்மா சொல்லாதீங்க,” என்றான் ஒரு டிரைவர். அப்பா செய்தித்தாளைக் கொண்டுவரச் சொல்லி, அந்தரத்தில் பிடித்துக் கிழித்துக் காட்டினார். நாளெல்லாம் வாடியிருந்த முகத்தில் ரத்தம் ஓடியிருந்தது. திறந்த கதவு வழியாக, உள்ளே கட்டிலைப் பார்த்து, பழக்கதோஷத்தில் சொன்னார்:

“பாத்தியாடி?”

உள்ளே நர்ஸம்மா உடுப்பின் ஓரத்தை அம்மாவுக்கு அடியில் சொருகிக்கொண்டிருந்தாள். அவள் கை ஒரு கணம் நின்றுவிட்டுத் தொடர்ந்தது. மகள் அம்மாவின் காலர் மடிப்பை நீவிவிட்டாள். நீவினதையே மறுபடி நீவினாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. ஸ்ட்ரெச்சரை உள்ளே கொண்டுவந்து அம்மாவை மாற்றினார்கள்.

“மச்சான், தலைமாட்டுல நீங்க பிடிங்க,” என்றார் மாமா.

“ஒரு நிமிஷம். நூல் மாட்டியிருக்கு.”

பச்சை நூல் ஒன்று அலகின் கீல் இடுக்கில் சிக்கி, கத்தி சரியாக மடங்கவில்லை. அப்பா வாசற்படி வெளிச்சத்தில் குந்தி, சிறிய திருப்புளியால் கீலைக் கழற்றிக்கொண்டிருந்தார். மாமா கொஞ்சம் பொறுத்தார். தடித்தவரைத் தலைமாட்டுக்கு வரச் சொல்லிக் கண்காட்டினார். நால்வரும் தூக்கினார்கள். நடுக்கூடத்துக்கு வந்திருப்பார்கள்.

“நில்லுங்க! யாரும் காலை எடுக்காதீங்க!”

எல்லாரும் உறைந்து நின்றார்கள். அம்மாவுக்குத்தான் ஏதோ என்று நினைத்து நர்ஸம்மா முகத்தருகே குனிந்தேவிட்டாள்.

“ஸ்க்ரூ விழுந்துருச்சு. எள்ளு மாதிரி இருக்கும், கறுப்பா. அது போச்சுன்னா வேற கிடைக்காது. அப்படியே நில்லுங்க.”

அப்பா நாலு காலில் வந்தார். டிரைவர்களின் பூட்ஸுகளுக்கிடையில் உள்ளங்கையால் தரையைத் தடவினார். கன்னம் தரையில் படக் குனிந்து, ஸ்ட்ரெச்சருக்கு அடியில் எட்டிப் பார்த்தார்.

“மச்சான்,” என்றார் மாமா மெதுவாக. “கையில ஆள் இருக்கு.”

“இங்கதான் எங்கயோ உருண்டுச்சு. சத்தம் கேட்டுச்சே.”

மகள் சுவரோரம் வெறுங்காலோடு நின்றிருந்தாள். சுண்டுவிரலுக்கு ஒட்டினாற்போலக் கறுப்பாக ஒன்று கிடந்தது. குனிந்தால் எடுத்துவிடலாம். அவள் பாதத்தை நகர்த்தி அதன்மேல் வைத்தாள்.

அப்பாவின் கை தடவிக்கொண்டே வந்தது. அவள் காலருகே நின்றது. மொழுமொழுவென்ற அந்த இடது கை.

“கொஞ்சம் காலைத் தூக்கும்மா.”

“இங்க இல்லப்பா. அந்தப் பக்கம் பாருங்க.”

அவர் நம்பி அந்தப் பக்கம் தவழ்ந்து போனார். மகள் மாமாவைப் பார்த்துத் தலையசைத்தாள். நால்வரும் அப்பாவின் விரல்களை மிதித்துவிடாமல், அவரைச் சுற்றிக்கொண்டு, பக்கவாட்டில் அடிவைத்து வாசலுக்குப் போனார்கள். வண்டியின் பின்கதவு திறந்தது. நர்ஸம்மா திரும்பி, “வரலையா நீ?” என்று கேட்டாள்.

பாதத்தில் அது நன்றாகவே உறுத்தியது. மகள் இன்னும் கொஞ்சம் அழுத்தி நின்றாள்.