மேடையின் விளிம்பு

வினிஃப்ரெட் ஹாலோவேக்குக் கண் மங்கிக்கொண்டு வருவது ஓபலுக்கு மட்டும்தான் தெரியும். இருபது வருடமாக அவளுக்கு உடை மாட்டிவிடுகிறவளிடம் எதை மறைக்க முடியும்?

ஊர் ஊராகச் சுற்றும் நாடகக் கம்பெனியில் சிறுமியாகச் சேர்ந்தவள் வினிஃப்ரெட். நியூயார்க்கின் நாடக வீதியான பிராட்வேயில் பேர் வாங்கினாள், ஹாலிவுட்டில் கதாநாயகியானாள், பிறகு தொலைக்காட்சியில் யார் யாருக்கோ அம்மாவானாள். எழுபதை நெருங்கும்போது மறுபடி மேடையில் ஒரு பெரிய வேடம் வந்தது. விடுவாளா?

நியூயார்க் போவதற்கு முன் நாடகத்தைப் பிலடெல்பியாவில் ஆடிப் பார்த்தார்கள். புதன்கிழமை மதிய ஆட்டம். ஓபல் முதுகுக் கொக்கிகளை மாட்டிக்கொண்டே முணுமுணுத்தாள்.

"டைரக்டர்கிட்ட சொல்லித் தொலையேன், வினி."

"சொன்னா நாளைக்கே வேற கிழவியைப் பிடிச்சுடுவான்."

"மேடைக்கு முன்னாடி இருக்கற பள்ளத்துல விழுந்தா மட்டும் உன்னையே வச்சுப்பானாக்கும்!"

வினிஃப்ரெட் சிரிக்கப் பார்த்தாள்.

முதல் காட்சி முடிந்ததும் விளக்குகள் அணையும். அந்த இருட்டில் அவள் வெளியேற வேண்டும். மேடைக்கு முன்னால், வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளம். மற்றவர்கள் தரையில் ஒட்டியிருந்த ஒளிரும் பட்டையைப் பார்த்து நடப்பார்கள். அவள் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. வழியிலிருக்கும் நாற்காலியைத் தொட்டுத்தான் திசை பிடிப்பாள்.

விளக்கு அணைந்தது. கைதட்டல் எழுந்தது. திரும்பி நடந்தாள். நாற்காலி கைக்குத் தட்டுப்பட வேண்டும், படவில்லை. இன்னும் ஓரடி வைத்தாள். பாதத்தின் முன்பாதிக்குக் கீழே தரை இல்லை. கீழிருந்து யாரோ இருமும் சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் நகர்வது? பின்னால்தான் தரை என்று புத்தி சொன்னது, கால் கேட்கவில்லை.

விளக்கு வந்துவிட்டது. அவள் இருக்கவே கூடாத காட்சி அது. மகனாக நடிக்கும் டெல்மர் உள்ளே வந்தான். அவளைக் கண்டதும் முகம் வெளுத்தது. ஆனாலும் நிற்காமல் நேரே வந்து இடுப்பை வளைத்துப் பிடித்தான்.

"இன்னும் தூங்கப் போகலியாம்மா? வா, நான் கூட்டிட்டுப் போறேன்."

"தூக்கம் வரலடா," என்றாள். அந்த நேரத்திலும் குரல் கடைசி வரிசைவரை போனது. ஓரத்திரைக்குப் பின்னால் வந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆட்டம் முடிந்ததும் டைரக்டர் ராஸ்கின் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார். "எவ்வளவு நாளா இப்படி?"

"ரெண்டு வருஷமா. முன்னாடியே சொல்லியிருந்தா வேஷம் குடுத்திருப்பீங்களா?"

"மாட்டேன்," என்றார்.

ஆனாலும் அவளை அவர் மாற்றவில்லை. மறுநாள் மேடை ஓரம் நெடுகத் தடித்த கயிறு ஒன்றை ஆணியடித்துப் பொருத்தியிருந்தார்கள். செருப்போடு மிதித்தாலும் தெரியும். டெல்மர் இருட்டிலேயே வந்து கையைப் பிடித்து அழைத்துப்போவதென்றும் முடிவாயிற்று.

நியூயார்க்கில் நாடகம் ஒரு வருடம் ஓடியது. அத்தனை நாளும் விளக்கு அணைந்ததும் அவள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. டெல்மரின் விரல்கள் தன் விரல்களைத் தொடும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.