முதல் வரிக்கு மேலே

சிவப்பு எழுத்து இரண்டு முறை வந்துவிட்டது. மூன்றாவது முறையும் வந்தால் ஃபெயில். திங்கட்கிழமை நான் மறுபடி ஸ்பின்னிங் மில்லில் பஞ்சுத் தூசியைத் தின்ன வேண்டியதுதான். இந்த இருமலோடு இன்னும் ஒரு வருஷம் அங்கே நின்றால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாஸானால் பாளையம்பட்டியில் ஒரு கம்பெனியில் வெப் பக்கம் செய்கிற வேலை. முப்பத்தாறு வயதில் எனக்கு இதை விட்டால் வேறு கதியில்லை.

அருப்புக்கோட்டை கம்ப்யூட்டர் சென்டரில் ஐந்து மாதம் படித்தேன். ஜாய்ஸ் மிஸ் பாதி எழுதித் தந்த ஃபைலைத் திறந்து மீதியை நாங்கள் எழுதுவோம். இன்று பரீட்சைக்கு வெறும் திரை. முதல் எழுத்திலிருந்து நாமேதான் அடிக்க வேண்டும். நரிக்குடி ஆட்டு வியாபாரி ஒருவருக்குத் தமிழில் ஒரு பக்கம்: தலைப்பு, கிடாய் படம், ஃபோன் நம்பர். முடித்துவிட்டுப் பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டரே திருத்திவிடும்.

முதல் வரியில் பிழை என்றது. ‘இது வெப் பக்கம்’ என்று பிரவுசருக்குச் சொல்கிற வரி அது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். அழித்துவிட்டுப் புதிதாக அடித்து அழுத்தினேன். மறுபடி சிவப்பு. இந்தச் சனியனுக்குக் கண் அவிந்துபோச்சா என்று ஆத்திரமாக வந்தது. இன்னும் ஒன்பது நிமிஷம். நெஞ்சு இழுக்க ஆரம்பித்தது.

ஜாய்ஸ் மிஸ் பின்னால் வந்து நின்றார்.

“முத வரியப் பாருங்கக்கா. அதுக்கு மேல நான் சொல்லக் கூடாது.”

நூறு தடவை பார்த்தாயிற்று, இன்னும் என்னத்தைப் பார்க்க? அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. கம்ப்யூட்டரை நம்பிப் பிரயோசனமில்லை, பேப்பரில் எழுதி ஒவ்வொரு வரியாக ஒத்துப் பார்ப்போம் என்று ரஃப் தாளை இழுத்தேன். மேலே உ போட்டேன். கீழே முதல் வரியை எழுதத் தொடங்கினேன்.

பேனா அப்படியே நின்றுவிட்டது.

நிமிர்ந்து திரையைப் பார்த்தேன். அங்கேயும் உச்சியில், நடுவில், உ. வெறும் பக்கத்தைக் கண்டதும் கை தானாகப் பிள்ளையார் சுழி போட்டிருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து அதை நான் எழுத்தாக எண்ணியதே இல்லை. கம்ப்யூட்டர் எண்ணியிருக்கிறது. அதற்கு அதுதான் முதல் வரி.

அழிக்க வேண்டும். விரல் வரவில்லை. போயும் போயும் இந்த நேரத்திலா பிள்ளையாரை அழிப்பது? மூன்று நிமிஷம் என்று காட்டியது. “கோவிச்சுக்காதப்பா, பேப்பர்ல இருந்துக்க” என்று முணுமுணுத்துவிட்டு அழித்தேன். கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினேன்.

திறந்தபோது பச்சை. கிடாய் திரை நிறைய நின்றது. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

மாடிப்படி இறங்கும்போது மில் சூப்பர்வைசர் செல்லப்பாண்டி அண்ணன் ஃபோனில் வந்தார். “மாரிக்கனி, திங்கக்கெழம மொத ஷிப்டுக்கு வந்துருவேல்ல?”

“வரலண்ணே. இனிமே வர மாட்டேன்.”

சொல்லி முடிக்கும்வரை இருமல் வரவில்லை.