நீங்கலாக

காளீஸ்வரனின் ஷேர் ஆட்டோவில் அன்றைக்கு எட்டுப் பேர். எட்டுப் பேர் வாயிலும் ஒரே பேச்சுதான், வீட்டு வரி. போன வாரம் வீடு வீடாக நோட்டீஸ் வந்திருந்தது. அவனுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்த பிச்சையம்மாளின் வீடு அரசாங்கம் கட்டிக் கொடுத்த ஒத்தை அறைத் தொகுப்பு வீடு, படுத்துக் காலை நீட்டினால் எதிர்ச் சுவர் இடிக்கும். அதுக்கும் மூணு மடங்கு வரியாம்! மனு எழுதிக்கொண்டு தெரு ஜனம் திருச்சுழி யூனியன் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டது. ஏற்றிக்கொண்டு போவது யார்? அந்த வார்டு மெம்பர் காளீஸ்வரனேதான்.

மெம்பர் பின்சீட்டு தெரியாதபடி கண்ணாடியைத் திருப்பி வைத்திருந்தான். காரணம் இருக்கிறது. ரெண்டு மாசத்துக்கு முன்னால், ஸ்டாண்டில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்த நேரம், ஊராட்சி கிளார்க்கு பால்ச்சாமி தீர்மானப் புத்தகத்தோடு வந்தான். கூட்டத்துக்கு வர முடியாவிட்டால் பரவாயில்லை, கையெழுத்து மட்டும் போதும் என்றான். பக்கம் வெறுமையாகக் கிடந்தது. சீட்டு மேலேயே வைத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான் இவன். தெருவிளக்கு மாற்ற, தண்ணி டேங்கு கழுவ, எல்லாத்துக்கும் மூணு வருசமா அப்படித்தான். ரெண்டு சவாரியை விட்டுவிட்டு எவன் போய்க் கூட்டத்தில் உட்காருவான்? அந்த வெத்துத் தாளில் ஏறியது வரி உயர்வுத் தீர்மானம் என்பது நோட்டீஸ் வந்த பிறகுதான் மண்டையில் உறைத்தது.

டவுனு நகராட்சியில் கவுன்சிலர்கள் முப்பது சொச்சம். எவர் கை தூக்கினார், எவர் தூங்கினார் என்று யார் கண்டது? இந்த ஊரில் ஜனம் கம்மி என்று மொத்தமே ஆறு வார்டு. ஆறு பேருக்குள் எங்கே போய் ஒளிய? அதிலும் இவன் ஜெயித்தது பதினோரு ஓட்டு வித்தியாசத்தில். அந்தப் பதினோரு ஓட்டும் பிச்சையம்மாள் வரிசை வீடுகளில் விழுந்தவை. மெம்பர் பதவி போனால் போகட்டும், கழுதை. இவர்கள் முகம் திருப்பிக்கொண்டால் ஆட்டோவில் ஏற ஆள் இருக்காதே! அதை விடு, சித்தி என்று கூப்பிடுகிற பிச்சையம்மாள் முகத்தில் எப்படி முழிப்பது? பயத்தில் கியர் ரெண்டு தடவை சரியாக விழவில்லை.

பரளச்சிக்கு ரோடு பிரியும் விலக்கைத் தாண்டியதும் பிச்சையம்மாள் அவன் தோளைத் தட்டினாள். தெருவே கையெழுத்துப் போட்டாச்சு, மெம்பர் கையெழுத்துக்குத்தான் மேலே இடம் விட்டிருக்கு, ஓரமா நிறுத்து என்றாள். வேறு வழியில்லாமல் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினான். பேனா இல்லை என்று இழுத்துப் பார்த்தான். பிச்சையம்மாள் மகள், காலேஜில் படிக்கிற சத்யபிரியா, தன் பேனாவைத் திறந்து கையில் கொடுத்தாள். சட்டுபுட்டென்று போட்டுவிட்டு வண்டியை எடுக்கலாம் என்று குனிந்தான்.

"வாசிச்சுப் பாத்துட்டுப் போடுய்யா காளீசு. பிள்ளை ரெண்டு நாளா உக்காந்து எழுதுனது."

வாசித்தான். நடுவில் ஒரு வரி இருந்தது. 'எங்கள் வார்டு உறுப்பினர் திரு. காளீஸ்வரன் நீங்கலாக மற்ற ஐந்து உறுப்பினர்களும் மக்களைக் கேட்காமல் இத்தீர்மானத்தில் கையொப்பமிட்டுள்ளனர்.'

எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. நான் போடவில்லை என்று யார் சொன்னது என்று சத்யபிரியாவிடம் மெல்லக் கேட்டான். உங்களைக் கேட்கவே வேண்டாம், நீங்கள் போட்டிருக்க மாட்டீர்கள் என்று அம்மாதான் சொன்னார்கள் என்றாள் அவள்.

இப்போது கையெழுத்துப் போட்டால் அரைமணி நேரத்துக்குத் தப்பிக்கலாம். அப்புறம்? ஆபீசர் புத்தகத்தை விரித்து வைப்பார். ஆறாவது கையெழுத்து அங்கே சிரித்துக்கொண்டிருக்கும். மனுவே பொய் என்று தூக்கிப் போட்டுவிட்டால், எட்டுப் பேரும் வெறுங்கையோடு இதே ஆட்டோவில்தான் திரும்ப வேண்டும். பாவி, இவர்களை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன் என்று பேனாவை மனுவிலிருந்து எடுத்தான்.

"சித்தி, நானும் போட்டிருக்கேன். வெத்துத் தாளுல போட்டேன்."

பின்சீட்டிலிருந்து யாரோ த்தூ என்றார்கள். பிச்சையம்மாள் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அவன் தலையைக் குனிந்து காத்திருந்தான். அவள் திட்டவில்லை.

"வாசிக்காமயா போட்ட?"

தலையாட்டினான்.

"நாங்க உனக்குப் போட்ட ஓட்டும் அப்படித்தான்யா போச்சு."

'நீங்கலாக மற்ற ஐந்து' என்பதை அடித்தான். மேலே 'உள்பட ஆறு' என்று எழுதினான். அதன் பிறகுதான் கையெழுத்தைப் போட்டான்.

வண்டியைத் திருச்சுழிக்கு விட்டான். யூனியன் ஆபீஸ் வாசலில் எல்லாரும் இறங்கினார்கள். இவன் சாவியைத் திருகி இஞ்சினை அணைத்துவிட்டு, இறங்கவா வேண்டாமா என்று உட்கார்ந்திருந்தான். பிச்சையம்மாள் திரும்பி வந்து மனுவை அவன் மடியில் வைத்தாள்.

"ஆபீசர்கிட்ட நீயே வாசி. உன் பேரு வார எடத்துல மட்டும் கொஞ்சம் சத்தமா வாசி."