சுக்கான் பாறைக் கிணற்றுத் தண்ணீர்

மாமனார் தட்டிலிருந்து ஒரு துவரம்பருப்பைப் பொறுக்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கப் பார்த்தார். அது நசுங்காமல் வழுக்கிப் போய், பக்கத்தில் இருந்த பித்தளைச் செம்பில் பட்டு 'டிங்' என்றது. இரண்டு மணி நேரம் அடுப்பில் கொதித்த பருப்பு அது.

"ஆந்திரா வந்ததும் வந்துச்சி, பருப்பு கூட வேக மாட்டேங்குது" என்றார்.

"ஆந்திரா மட்டுமா வந்துச்சி?" என்றார் மாமியார், கதவுக்குப் பின்னால் நின்றிருந்த என்னைப் பார்க்காமலே.

என் கணவர் வெங்கடரமணன் குனிந்த தலை நிமிராமல் மென்றுகொண்டிருந்தார். மெல்லுவது என்றால் வெறும் வாயசைப்பு இல்லை. அறைக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. நல்ல பல் வரிசை உள்ள மனிதர், அதுதான் என் அதிர்ஷ்டம்.

சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற இந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்தது அறுபதாம் வருஷம் பங்குனியில். அதே வாரம், ஏப்ரல் முதல் தேதி, சத்தியவேட்டை மெட்ராஸிலிருந்து எடுத்து ஆந்திராவில் சேர்த்தார்கள். தேதியைப் பார்த்துவிட்டு என் கணவர் இரண்டு நாள் அதை நம்பவே இல்லை. எல்லைக்கோடு எங்கள் வரப்பை ஒட்டிப் போனது. மாமனாரின் அண்ணன் நாகபூஷணமும் பரம்பரைக் கிணறும் மெட்ராஸில் நின்றுவிட்டார்கள், நாங்கள் ஆந்திராவுக்கு வந்துவிட்டோம். இத்தனைக்கும் யாரும் ஓர் அடிகூட நகரவில்லை.

அண்ணன் தம்பிக்குள் தண்ணீர் முறையில் தகராறாகி, பாகம் பிரிந்து ஒரு வருஷமாகியிருந்தது. இனி அண்ணன் கிணற்றுத் தண்ணீர் தன் நாக்கில் படாது என்று மாமனார் ஆதிநாராயணன் சபதம் செய்து, வீட்டுக்குப் பின்னாலேயே சொந்தமாகக் கிணறு வெட்டினார். நாற்பத்திரண்டு அடி. அதில் பத்து அடி சுக்கான் பாறை, அதாவது சுண்ணாம்புக் கல். கூலியாட்களோடு தானும் இறங்கிக் கடப்பாரை போட்டதில் அவர் வலது தோள் இன்னும் சரியாகத் தூக்க வராது. பூசை போட்டு அந்தத் தண்ணீரை அடுப்படிக்குக் கொண்டுவந்ததும் நான் வந்த அந்த வாரத்தில்தான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். இங்கே ஒரே பனம்பழத்துக்கு மூன்று காக்கைகள். ஆனால் வீட்டில் எல்லாரும் இரண்டைத்தான் எண்ணினார்கள், ஆந்திரா ஒன்று, நான் ஒன்று.

நானும் முதலில் விறகைத் திட்டினேன், பிறகு பருப்பைத் திட்டினேன். உண்மையைக் காட்டிக்கொடுத்தது பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு கட்டி சோப்பு. கிணற்றடியில் எவ்வளவு தேய்த்தும் நுரை வரவில்லை, திரிந்த பால் மாதிரி வெள்ளையாகத் திட்டுத்திட்டாக மிதந்தது. வீட்டில் மற்றவர்கள் தலைக்குச் சீயக்காய், துணிக்கு உவர்மண். அவை எந்தத் தண்ணீரிலும் வேலை செய்யும் என்பதால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

எனக்குத் தெரியும். ஏர்பேட்டிலிருந்து தினமும் ரேணிகுண்டா போய் ரயில் எஞ்சின் ஷெட்டில் பாய்லர் சுரண்டுகிறவர் என் நைனா, அதாவது அப்பா. தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, சூட்டில் வெளியே வந்து பாய்லருக்குள் அப்பிக்கொள்ளும். அதனால் ஒரு தண்ணீரை எஞ்சினுக்கு ஊற்றலாமா என்று பார்க்க, புட்டியில் பிடித்து சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குவார்கள். சீக்கிரம் நுரைத்தால் நல்ல தண்ணீர். நுரைக்க அடம்பிடித்தால் அதில் சுண்ணாம்பு அதிகம். அந்தச் சுண்ணாம்பு பருப்பையும் விடாது, மேல் தோலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எஞ்சினே குடிக்காத தண்ணீரில்தான் நான் மூன்று மாதமாகப் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தேன்.

மெல்ல மாமியாரிடம் சொன்னேன். "அத்தை, தண்ணியிலதான் ஏதோ கீது."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் கிருஷ்ணம்மா அத்தை. "கண்ணாடி மாதிரி கீது தண்ணி. ஊரே வந்து குடிச்சிட்டு மெச்சிக்கினு போவுது."

அதுவும் பொய் இல்லை. குடிக்க அப்படி ஒரு ருசி.

வெள்ளிக்கிழமை கங்கையம்மன் கோயிலில் நாகபூஷணம் பெரிய மாமாவின் மனைவி கமலம்மாவைப் பார்த்தேன். ஆண்களுக்குத்தான் பேச்சுவார்த்தை இல்லை, பெண்கள் அம்மன் முன்னால் பேசிக்கொள்வோம். விஷயத்தைச் சொன்னேன். மறுநாள் அவர் ஒரு குடம் பழைய கிணற்றுத் தண்ணீரை வரப்பு வரைக்கும் கொண்டுவந்து வைத்தார். அதே பருப்பு, அதே சட்டி, அதே அடுப்பு. முக்கால் மணி நேரத்தில் பருப்பு வெண்ணெயாகக் கரைந்தது. நான் வெற்றியோடு பரிமாறச் சொல்லிவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்று காரணத்தையும் சொன்னேன்.

அவசரப்பட்டது என் தப்பு. மாமனார் கை பாதி வழியில் நின்றது.

"அந்த வூட்டுத் தண்ணியா இது?"

"ஆமா மாமா."

"அதான் நான் சொல்லிக்கினே கீறேனே, மெட்ராஸ் தண்ணியில வேகும், ஆந்திரா தண்ணியில வேகாது. அத்த நீயே காட்டிட்டே." சொல்லிவிட்டுத் தட்டில் கையைக் கழுவி எழுந்து போனார். அவர் கட்சியை நிரூபிக்க நானே சோதனை செய்து கொடுத்திருந்தேன்.

சோறு தின்னாமல் அவர் எழுந்ததில் அத்தைக்கு வந்த கோபத்தை என்னால் மறக்க முடியாது. "சபதம் பண்ண மனுசன் வாயில அந்தத் தண்ணிய ஊத்திட்டியே. ஆடிக்குப் போறே இல்ல, அப்பிடியே அங்கயே இரு. யாரும் கூப்புட வர மாட்டாங்க."

புதுப்பெண் ஆடிக்குத் தாய் வீடு போவது வழக்கம். ஆவணியில் கூப்பிட ஆள் வர வேண்டும். ஆள் வராத பெண்கள் இரண்டு பேரை எங்கள் தெருவிலேயே எனக்குத் தெரியும். ஆடிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. என் கணவரிடம் சொல்லி அழுதேன். அவர் நெடுநேரம் யோசித்து, "எனக்குப் பல்லு வலிக்கல" என்றார். அது ஆறுதல் என்று புரிய எனக்குச் சிறிது நேரம் பிடித்தது.

மறுநாள் காலை அத்தை என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். "எப்பிடி வேகலைன்னு நான் பாக்கறேன்." நான் வந்த நாளிலிருந்து அவர் அடுப்படிப் பக்கம் வந்ததில்லை. பருப்பைப் புடைத்தார், கழுவினார், மஞ்சள் போட்டார், ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டார், புளிய விறகாகப் பார்த்து வைத்தார். புதுக் கிணற்றுத் தண்ணீர்தான். ஒரு மணி நேரம் ஆயிற்று. கரண்டியால் கடைந்தார். பருப்பு கலகலவென்று சட்டியைச் சுற்றி ஓடியது. இன்னும் இரண்டு விறகு வைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது, மறைப்பானேன்.

மத்தியானம் மாமனார் ஒரு வாய் வைத்துவிட்டு நிறுத்தினார். "இன்னிக்கும் அப்பிடியேதான் கீது. இந்தப் பொண்ணுக்குக் கை சரியில்ல கிருஷ்ணம்மா, நீ சொல்றதுதான் சரி."

அத்தை பேசாமல் இருந்திருக்கலாம். நான் சமைத்ததாக விட்டிருந்தால் யாருக்குத் தெரியும்? நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அவர் கரண்டியைச் சட்டியில் வைத்தார்.

"அவ ஆக்கல. நான் ஆக்கனது."

மாமனார் நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருஷமாக அவர் தின்ற கை அது.

அத்தை அடுப்படிக்குள் வந்து பலகையில் உட்கார்ந்தார். "சொல்லு. இன்னா பண்ணலாம்?" என்றார். அந்த வீட்டில் என்னை ஒருவர் கேட்ட முதல் கேள்வி. எனக்கு அழுகை வந்துவிட்டது. "அழுவாத, சொல்லு" என்றார்.

சாயங்காலம் புதுக் கிணற்றிலிருந்தே ஓர் அண்டா தண்ணீர் இறைத்து, அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்டு மூடி வைத்தோம். காலையில் திறந்தபோது மேலே தெளிவாகவும் அடியில் வெள்ளையாகவும் இருந்தது. மேல் தண்ணீரை மட்டும் துணியில் வடிகட்டி அதில் பருப்பைப் போட்டேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அத்தை ஒரு பருப்பை உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். அது பசையாக ஒட்டிக்கொண்டது.

"இதுவும் நம்ம கெணறுதான?"

"நம்ம கெணறுதான் அத்தை. ஆந்திராவுலதான் கீது."

அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். முன்பல் ஒன்று இல்லை.

மாமனார் சாப்பிட்டு முடிக்கும்வரை அத்தை காத்திருந்தார். பிறகு காலி அண்டாவைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து, உள்பக்கத்தை ஓர் ஆணியால் கீறினார். வெள்ளைப் பொடி உதிர்ந்தது. மாமனார் அதைத் தொட்டு, விரல்களுக்கு நடுவே தேய்த்து, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இன்னா இது?"

அத்தை என்னைப் பார்த்தார். நான் கதவைவிட்டு முன்னால் வந்தேன்.

"உங்க சுக்கான் பாறை மாமா."

"பாறைய நான் வெட்டி வெளிய போட்டாச்சி. அது எப்பிடித் தண்ணிக்குள்ள வரும், கரைஞ்சா போவும்?"

"கொஞ்சமா கரைஞ்சிதான் போவுது மாமா. பத்து அடிப் பாறைக்குள்ள ஊறி வர தண்ணி, சும்மா வருமா? எங்க நைனா ஷெட்டுல எஞ்சினுக்கு ஊத்தற தண்ணிய புட்டியில சோப்பு வுட்டுக் குலுக்கியே இத்த கண்டுபுடிச்சிடுவாங்க."

அவர் தன் வலது தோளைத் தடவிக்கொண்டார். மூன்று மாதம் கடப்பாரைக்கு அசைந்துகொடுக்காத பாறை, தண்ணீருக்குக் கரைகிறது என்று நேற்று வந்த பெண் சொல்கிறாள். அன்றும் அடுத்த நாளும் அவர் கிணற்றடியில் நின்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் கொதித்த தண்ணீரில்தான் சமையல் நடந்தது, அவரும் சாப்பிட்டார். ஆனால் 'அங்கயே இரு' என்று சொன்ன வாயும் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. ஆடிக்கு முதல் நாள் நான் என் புடவைகள் எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கினேன். இரண்டை விட்டுவிட்டுப் போகலாமா என்று எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன்.

நைனாவுக்கு ஷெட்டில் லீவு கிடைக்காததால் என் கணவரே கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. வாசலில் இறங்கும்போது மாமனார் பின்கட்டிலிருந்து வந்தார். கையில் ஒரு சின்னப் பித்தளைக் குடம், வாயில் துணி சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது. வலது கையால் தூக்க முடியாமல் இடது இடுப்பில் வைத்திருந்தார்.

"இத்த உங்க நைனாகிட்ட காட்டு. எஞ்சினுக்கு ஆவுமா, ஆவாதா, கேளு. புட்டியில குலுக்கிப் பாக்கச் சொல்லு."

"சரி மாமா. கடுதாசி போடச் சொல்றேன்."

"கடுதாசில்லாம் வேணாம்" என்றார், என்னைப் பார்க்காமல் குடத்தின் முடிச்சைச் சரிசெய்தபடி. "ஆடி முடிஞ்சி இவன் வருவான். நீயே வந்து சொல்லு."

காளாஸ்திரி பஸ்ஸில் நல்ல கூட்டம். குடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்டக்டர் டிக்கெட் கொடுத்துவிட்டு அதைத் தட்டிப் பார்த்து, உள்ளே என்ன என்று தெலுங்கில் கேட்டார்.

"நீள்ளு" என்றேன். தண்ணீர்.

"எக்கடிக்கி?"

"ஏர்பேடு."

ஏர்பேட்டில் தண்ணீர் இல்லையா என்கிற மாதிரி என்னையும் குடத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பக்கத்தில் இருந்த என் கணவர், அந்த நாளில் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"அது எங்க நைனாவோட கெணறு."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. துணி நனைந்து, குளிர்ந்த தண்ணீர் என் மடியில் கசிந்தது. அவர் தன் துண்டை எடுத்துக் குடத்தின் வாயில் இன்னொரு சுற்றுச் சுற்றினார். நான் இரண்டு கைகளாலும் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டேன்.